சிங்காரத்தின் வலது கட்டைவிரல்

காலையில் முகம் கழுவி வந்ததும் சிங்காரம் எனாமல் குவளையைக் கவிழ்த்துப் பிடித்து, அதன் அடியில் வலது கட்டைவிரலின் பக்கவாட்டால் ஒரு தட்டுத் தட்டுவான். ‘டொக்’ என்று சத்தம் வரும். தலையைச் சாய்த்து அதைக் கேட்பான். சத்தம் சரியாக இருந்தால்தான் குவளையை நிமிர்த்தி என்னிடம் நீட்டுவான்.

“ஊத்துக்கா. இன்னிக்கு நல்லா இருக்கு.”

இன்னும் ஊற்றாத தேத்தண்ணியை அவன் புகழவில்லை. நல்லா இருப்பது அவன் விரலில் உள்ள காய்ப்பு.

அந்தக் காய்ப்பு நகத்துக்கும் முதல் கணுவுக்கும் நடுவில், ஆள்காட்டி விரலைப் பார்த்த பக்கத்தில் இருக்கிறது. பாதிக் கொட்டைப்பாக்கைக் கவிழ்த்து ஒட்டிய அளவு. நிறமும் ஏறக்குறைய அதுதான். தேயிலைத் தோட்டத்தில் காய்ப்பு இல்லாத கையைத் தேடினால் துரையின் பங்களாவுக்குத்தான் போகவேண்டும். ஆனால் எங்களுக்கெல்லாம் வேலை செய்து காய்த்தது. என் தம்பிக்குக் கிளாரினெட் ஊதிக் காய்த்தது.

கிளாரினெட்டைத் தூரத்தில் இருந்து பார்க்கிறவர்கள் அதைப் புல்லாங்குழலின் பெரியப்பா என்று நினைப்பார்கள். கையில் வாங்கினால் தெரியும். கறுப்பு மரம், அதன் மேல் வெள்ளி நிறச் சாவிகள். ஒரு கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. தோட்டத்துக் கடைத் தராசில் நானே வைத்துப் பார்த்திருக்கிறேன். அந்த எடை முழுவதும் குழலின் பின்பக்கம் உள்ள ஒரு சின்ன உலோகக் கொக்கியில் இறங்குகிறது. கொக்கியைத் தாங்குவது வலது கட்டைவிரல். மற்ற விரல்கள் சாவிகளின் மேல் ஆடிப் பேர் வாங்கும். இது மட்டும் அசையாமல் சுமக்கும். வீட்டில் அக்காமார்களின் நிலையும் இப்படித்தான் என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். சிங்காரம் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரர் இராமையாவும் சிரிக்கவில்லை.

அந்தக் குழல் எங்கள் மலையின் சிறுபட்டணமான தானா ராத்தாவில் வெள்ளைக்காரப் பட்டாளம் விட்டுப்போன சாமான். ஒரு பழைய பொருள் கடையில் வருஷக்கணக்காகக் கிடந்ததைச் சிங்காரம் பதினெட்டு வயதில் வாங்கி வந்தான். வானொலியைக் கேட்டுக் கேட்டுத் தானே பழகினான். பின்னால் இருந்த கொக்கி எதற்கு என்று முதலில் எங்களுக்குத் தெரியவில்லை. சுவரில் மாட்டி வைப்பதற்கு என்று அடித்துச் சொன்னவள் நான். ஆணியும் நானே அடித்துக் கொடுத்தேன். அன்று மாலையே குழல் கீழே விழுந்து ஒரு சாவி வளைந்தது. அவன் விரல் விஷயத்தில் என் யோசனைகளின் வரலாறு அங்கேதான் தொடங்குகிறது.

இப்போது சிங்காரத்துக்கு முப்பத்து மூன்று வயது. கொழுந்து ஏற்றும் லோரி ஓட்டுகிறான். மலைச்சாலையில் வளைவுக்கு வளைவு ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பும்போது நான்கு விரல்தான் வேலை செய்யும். கட்டைவிரல் மேலே நிமிர்ந்து நிற்கும். தானா ராத்தா முச்சந்தியில் ஒரு மலாய்க்காரப் போலீஸ்காரர் பலநாள் அதைப் பார்த்துவிட்டுத் தானும் கட்டைவிரலைத் தூக்கி, “பாகுஸ்!” என்று, மலாயில் ‘பிரமாதம்’ என்று, சிரித்திருக்கிறார். அன்று முதல் இருவரும் சிநேகம். வழி கேட்கிறவர்களுக்கும் சிங்காரம் கட்டைவிரலால்தான் திசை காட்டுவான். மலாய்க்காரர்களிடம் அதுவே மரியாதையாம். எவ்வளவு நன்றாக வளர்த்திருக்கிறார்கள் என்று ஒரு பாட்டியம்மா மெச்சினார்களாம். வளர்த்தது நான்தான் என்பதால் நான் மறுப்புச் சொல்லவில்லை.

சட்டையின் மேல் பொத்தானை அவன் போடுவதில்லை. அந்த விரலுக்குப் பொத்தான் சிக்காது. யாராவது கைகுலுக்க வந்தால் மீனைப் பிடிப்பது போலப் பிடித்து உடனே விட்டுவிடுவான். குளிர் இரவில் தலைவரைக் கம்பளி போர்த்தினாலும் அந்த விரல் மட்டும் வெளியே இருக்கும். வெயில் நாளில் வலிக்காது, மழைநாளில் வலிக்கும் என்பான். எங்கள் மலையில் வெயில் நாளை எண்ணிவிடலாம்.

அதற்கு நான் செய்த வைத்தியங்களையும் எண்ணிவிடலாம். முதலில் சைக்கிள் டியூபை வெட்டிக் கொக்கிக்கு உறை போட்டேன், வேர்வையில் வழுக்கியது. பிறகு இருமல் மருந்துப் புட்டியின் தக்கையைச் செதுக்கி வைத்தேன். பாட்டின் நடுவில் கழன்று, முன்னால் உட்கார்ந்திருந்தவரின் மடியில் விழுந்தது. மூன்றாவதாகத் தையல்காரர் விரலில் மாட்டும் உலோகத் தொப்பி. அதைப் போட்டுக்கொண்டு ஊதியபோது ஒவ்வொரு அசைவுக்கும் ‘டிங் டிங்’ என்று ஜால்ரா போட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸரிடமும் அழைத்துப் போனேன். அவர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“லீவுக்கு எம்சி குடுக்கலாம்மா. காரணம்னு என்ன எழுதுறது? ஊதினான்னா?”

சிங்காரம் எல்லாவற்றுக்கும் ஒத்துழைப்பான். “அக்கா ஆசைப்படுது, செய்யட்டும் லா,” என்பான். பிறகு நான் போட்ட உறையைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் விரலால் ஊதுவான். அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

கொழுந்து கிள்ளும் பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கிள்ளக் கிள்ளக் கட்டைவிரல் காய்த்துப்போகும். காய்த்த விரலுக்குத் தண்டின் இளசு முற்றல் தெரியாது. இழுத்துக் கிள்ளும், கொழுந்து நசுங்கும். நசுங்கியது கூடைக்குள்ளேயே சிவந்துவிடும். வேலையை மேற்பார்க்கும் கங்காணி கையை விட்டுப் பார்த்து, சிவந்ததை அள்ளி வீசுவார். அதனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வரிசை வீடுகளான லயத்தின் வாசலில் வரிசையாக உட்கார்ந்து, உப்புப் போட்ட வெந்நீரில் விரலை ஊறவைத்து, புது பிளேடால் காய்ப்பைச் சீவுவோம். கடைசியில் தேங்காய் எண்ணெய். நான் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். ஆனால் இந்தச் சீவும் படிப்பில் எங்கள் லயத்தில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. இத்தனை வருஷத்தில் என் கூடையில் கங்காணி கைவிட்டு வீசியது கிடையாது.

இனி 1981ஆம் வருஷத்து மாரியம்மன் திருவிழாவுக்கு வருகிறேன்.

எங்கள் கோயிலுக்கு வழக்கமாக ஈப்போவிலிருந்து நாதஸ்வரக்காரர்கள் வருவார்கள். கோயில் தலைவர், தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் நல்லுசாமி கிராணி. அவருக்குச் சிங்காரத்தின் குழல் மேல் பெரிய அபிப்பிராயம் கிடையாது. “பட்டாளத்துக்காரன் எச்சி பட்டதை அம்மா முன்னால ஊதுறதா?” என்று ஆறு வருஷம் சொன்னார். ஏழாம் வருஷம், அதாவது 1980இல், மலையேறி வரும் தாப்பா சாலையில் மண் சரிந்து ஈப்போக்காரர்கள் பாதி வழியில் மாட்டிக்கொண்டார்கள். சிங்காரம் வெள்ளை வேட்டி கட்டி, குழல் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு கோயில் வாசலில் நின்றான். “பொறு, வந்துடுவாங்க,” என்று கிராணி கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மன் வெறும் உறுமி மேளத்தோடு ஊர்வலம் போய் வந்தாள். சிங்காரம் பெட்டியைத் திறக்காமலே வீட்டுக்கு வந்தான்.

அதன் பிறகுதான் மறு வருஷக் கூட்டத்தில் கிராணி இறங்கி வந்தார்.

“சரி, ஒருதரம் ஊதிப் பாரு. மேல் டிவிசன்ல இருந்து கீழ் லயம் போய்த் திரும்புற வரைக்கும் நிக்கக் கூடாது. பாதியில நின்னுச்சுன்னா, அடுத்த வருஷம் இதப் பத்தி என்கிட்ட வாயத் தொறக்காதே லா.”

இரண்டு மைல் தூரம். சாமி நின்று நின்று போகும் என்பதால் இரண்டு மணி நேரம். ஒரு மாதம் தினமும் மாலையில் லோரிக் கொட்டகைக்குப் பின்னால் நடந்துகொண்டே ஊதிப் பழகினான். அதில் காய்ப்பின் ஓரம் வெடித்துவிட்டது. “சுள்ளுனு மணிக்கட்டு வரைக்கும் ஏறுதுக்கா,” என்றான். அது வெள்ளிக்கிழமை. திருவிழா ஞாயிற்றுக்கிழமை.

நான் வெந்நீர் வைத்தேன்.

“வெடிச்ச ஓரத்த மட்டும் லேசா எடுக்கா.”

“எனக்கே சொல்லிக் குடுக்கிறியா? இருவது வருஷமா எந்தக் கங்காணியாவது என் கொழுந்த வீசியிருக்கானா?”

“அது கொழுந்துக்கா.”

“கட்டைவிரல் கட்டைவிரல்தான்டா. நீட்டு.”

நீட்டினான். அரைகுறையாக ஒரு வேலையை விடுவது என் பழக்கம் இல்லை. செய்தித்தாளை விரித்து, ஓரத்தில் தொடங்கி, படலம் படலமாகச் சீவினேன். வெங்காயத்தோல் போலச் சுருள் சுருளாக விழுந்தது. பதினொரு வருஷத்துக் காய்ப்பு ஒரு மணி நேரத்தில் முடிந்தது. அடியில் பிறந்த குழந்தையின் குதிகால் போல இளஞ்சிவப்புத் தோல். எண்ணெய் தடவி, அடுத்த வீட்டுப் பவளத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். பவளமும் என்னோடு கொழுந்து கிள்ளுகிறவள், விஷயம் தெரிந்தவள்.

“அடியேய் அம்சவல்லி, உன் தம்பி விரலா இது? நாளைக்கே கொழுந்துக்கு அனுப்பலாம் போலயே!”

அன்று மாலை முழுவதும் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன்.

சனிக்கிழமை காலை சிங்காரம் குவளையைக் கவிழ்த்துத் தட்டினான். ‘பொத்’ என்றது. மறுபடியும் தட்டினான்.

“அக்கா, சத்தம் வரல.”

“சத்தம் எதுக்குடா? வலிக்குதா?”

“இல்ல.”

“அப்புறம் என்ன?”

அவன் போய்க் குழலை எடுத்துக் கொக்கிக்கு அடியில் விரலைக் கொடுத்து ஊதினான். நான்கு மூச்சு வரை போயிற்று. ஐந்தாவது மூச்சில் கண் இடுங்கியது. குழலை மெதுவாகப் பாயில் வைத்தான். புதுத்தோலில் கொக்கியின் அச்சு சிவப்பாகப் பதிந்திருந்தது. அவன் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

“அது எனக்குச் செருப்பு மாதிரிக்கா,” என்றான். “செருப்பக் கழட்டிட்டு ஜல்லிக்கல்லு மேல நடன்னா எப்படிக்கா நடக்கிறது?”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. எங்கள் விரலுக்குக் காய்ப்பு வியாதி. அவன் விரலுக்கு அதுவே மருந்து. அதைத்தான் நான் கடைசிப் படலம் வரை ஒழுங்காகச் சீவிக் குப்பையில் போட்டிருக்கிறேன்.

“கிராணிகிட்டச் சொல்லிடு, மாப்ள,” என்றார் என் வீட்டுக்காரர். “இப்ப போன் போட்டா ஈப்போக்காரங்க காலைல வந்துடுவாங்க.”

சிங்காரம் சட்டையை எடுத்து மாட்டினான். மேல் பொத்தானைப் போட்டான். அந்த விரலால் பொத்தான் போடுவதை நான் அன்றுதான் பார்த்தேன். “மத்தியானம் வரைக்கும் பொறுடா,” என்று கதவை மறித்து நின்றேன்.

பிளாஸ்திரி ஒட்டினோம், மூன்று அடுக்கு ஒட்டியும் பிரயோஜனம் இல்லை. கொழுந்துக் கூடையின் கயிற்றை அவன் தலையில் மாட்டி, மறுமுனையைக் கொக்கியில் கட்டினேன். கயிறு நழுவி ஒரு சாவியை அமுக்க, குழல் கன்றுக்குட்டி போலக் கத்தியது. “கூடையில எத்தனை கிலோ மாப்ள?” என்று கேட்டார் என் வீட்டுக்காரர். அவர் அப்படித்தான், நேரம் பார்த்துப் பேச மாட்டார்.

அலுத்துப்போன சிங்காரம் ஜன்னல் ஓரத்தில் நின்று, குழலின் விரிந்த கீழ்வாயை ஜன்னல் கட்டைமேல் சாய்த்து வைத்துக்கொண்டு சும்மா ஊதினான். ஒரு பாட்டு முழுவதும் வந்தது. முகம் இடுங்கவில்லை.

“எதுமேலயாவது வச்சிட்டா வலிக்கலக்கா.”

“ஜன்னல் ஊர்வலத்துல நடக்காதே,” என்றார் என் வீட்டுக்காரர்.

நான் எழுந்து ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். நான் குள்ளம். ஜன்னல் கட்டை என் தோளைவிட அரைச்சாண்தான் தாழ்வு. வாழ்க்கையில் முதல்தடவையாக என் உயரம் ஒரு காரியத்துக்குச் சரியாக இருந்தது. துண்டை நான்காக மடித்து இடது தோளில் போட்டுக்கொண்டு அவனுக்கு முதுகைக் காட்டி நின்றேன்.

“வை.”

“அக்கா, ஊரே பார்க்கும். உனக்கு வெக்கமா இருக்காதா?”

“வெக்கப்படறதா இருந்தா நேத்தே பட்டிருக்கணும். வைடா.”

அன்று மாலை லோரிக் கொட்டகைக்குப் பின்னால் இருவரும் நடந்து பழகினோம். நான் சட்டென்று நின்றால் குழல் அவன் பல்லில் இடிக்கும். வேகமாகப் போனால் வாயிலிருந்து உருவிக்கொள்ளும். ஏற்றத்தில் நான் உயர்ந்துவிடுவதால் முழங்காலை மடித்து நடக்க வேண்டும். இறக்கத்தில் குதிகாலைத் தூக்கிக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் ஒரு தாளில் வரிசையாக எழுதி மனப்பாடம் செய்தேன். அந்த வருஷம் நான் எடுக்க வேண்டிய பால்குடத்தை மறுவருஷம் சேர்த்து எடுத்துக்கொள்கிறேன் என்று அம்மனிடம் தவணை கேட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் கிராணி எங்களைப் பார்த்ததும் முகம் மாறினார்.

“என்னம்மா இது? நீ எதுக்கு நடுவுல?”

பொய் சொல்ல நான் தயாராகப் போகவில்லை. அது தானாக வந்தது.

“வேண்டுதல், கிராணி ஐயா.”

எங்கள் கிராணி தோட்டத்தில் எதையும் கேள்வி கேட்கிற மனிதர். லோரி ஏன் தாமதம், கூடை ஏன் ஈரம், பிள்ளை ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை. வேண்டுதலை மட்டும் கேள்வி கேட்க மாட்டார். வாயில் இருந்த வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு வழி விட்டார்.

அம்மன் புறப்பட்டாள். உறுமிகள் முழங்கின. என் காதுக்கு நான்கு அங்குலத்தில் சிங்காரம் ஊதத் தொடங்கினான். முதல் வளைவு தாண்டியதும் தோளில் வெதுவெதுப்பாக ஏதோ சொட்டியது. குழலுக்குள் ஓடும் மூச்சு குளிரில் நீராகிக் கீழ்வாய் வழியே சொட்டும் என்று அன்று கற்றுக்கொண்டேன். துண்டு நனைந்தது, ரவிக்கை நனைந்தது. கீழ் லயத்துக்கு இறங்கும்போது குதிகாலைத் தூக்கி, கோழி சேற்றைத் தாண்டுவது போல நடந்தேன். வாசல்களில் தேங்காய் உடைக்க நின்றவர்கள் என்னைக் கும்பிட்டார்கள். எதற்கு என்று அவர்களுக்கும் தெரியாது.

திரும்பும்போது தொழிற்சாலை வளைவில் மூடுபனி இறங்கியது. உறுமித் தோல் ஈரத்தில் தொய்ந்து சத்தம் அமுங்கிப்போயிற்று. மேளக்காரர்கள் சாலை ஓரம் ஒதுங்கி, பழைய தாளைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சத் தொடங்கினார்கள். மேளம் எதுவும் இல்லை. சிங்காரமும் நிறுத்தியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள், கிராணியைத் தவிர. அவர் சாமிக்குப் பக்கத்தில் நடந்துகொண்டு திரும்பிப் பார்த்தார்.

குழல் நிற்கவில்லை. மேளம் இல்லாத அந்தக் கொஞ்சத் தூரம் அவன் தனியாக ஊதினான். வேகத்தைக் குறைத்து, நீட்டி நீட்டி, சாமி தூக்கியவர்களின் காலடியோடு சேர்த்து ஊதினான். பேசிக்கொண்டு வந்தவர்கள் பேச்சை விட்டார்கள். தொழிற்சாலை ஜன்னலில் தலைகள் தெரிந்தன. அவன் முகம் அப்போது எப்படி இருந்தது என்று பிறகு பலபேர் எனக்குச் சொன்னார்கள். ஊரே பார்த்தது. பார்க்காதவள் நான் ஒருத்திதான். நான் சாலையைப் பார்த்து முழங்காலை மடித்துக்கொண்டிருந்தேன். ஆனால் அவன் மூச்சு எடுப்பதெல்லாம் என் தோளில் தெரிந்தது. ஒருதரம்கூட அது நடுங்கவில்லை.

கோயில் வாசலில் கிராணி சிங்காரத்தின் கையைப் பிடித்தார். “அடுத்த வருஷம் ஈப்போக்காரங்களுக்கு நான் போன் போடப் போறதில்ல,” என்றார். பிறகு என்னிடம் திரும்பி, “உன் வேண்டுதலும் பலிச்சிருச்சும்மா,” என்றார். எனக்கு இடது காதில் குழல் இன்னும் ஊதிக்கொண்டிருந்ததால் அதைப் பவளம்தான் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. காது மூன்று நாள் இரைந்தது.

மறுவருஷம் கீழ் லயத்திலிருந்து இரண்டு பெண்கள் வந்து, ‘குழல் தாங்கும் வேண்டுதலை’ அவர்களும் எடுக்கலாமா என்று கேட்டார்கள். அதற்குள் காய்ப்பு திரும்ப வந்துவிட்டது என்றும், அம்மன் இனி அதை ஏற்பதில்லை என்றும் சொல்லி அனுப்பினேன். முதல் பாதி உண்மை. கிராணி இந்தப் பத்திரிகையைத் தவறாமல் வாங்குகிறவர். மற்றதை இதில் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

காய்ப்பு பழையபடி ஆக நான்கு மாதம் பிடித்தது. இந்த நான்கு வருஷத்தில் அது முன்னைவிடப் பெரிதாகிவிட்டது என்று நினைக்கிறேன். அளந்து பார்க்கலாம் என்றால் விரலை என் பக்கம் கொண்டுவர மாட்டேன் என்கிறான்.

நான் இன்னும் கொழுந்துக்குப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இன்னும் வெந்நீர் வைக்கிறேன், என் விரலுக்கு மட்டும். போன வாரம் உப்பைப் போட்டுவிட்டு, பிளேடு சுற்றிய காகிதத்தைச் சத்தம் வராமல்தான் பிரித்தேன். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் சிங்காரம் படுத்துக்கொண்டு வானொலி கேட்டுக்கொண்டிருந்தான். வானொலியின் சத்தம் குறைந்தது. பிறகு சுவரில், என் தலைக்கு நேராக, ஒரே ஒரு ‘டொக்’.